கதவில்லாத பேங்கும் பொய்ச் சாவிக் கொத்தும்

பூட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு எந்தப் பூட்டு வந்தாலும், புதிதோ பழசோ, அதன் சொந்தச் சாவியை அவர் முதலில் தொட மாட்டார். மேசைக்கடியில் ஓர் ஆணியில் ஒரு கொத்துத் தொங்கும். அதில் இருப்பவை எல்லாம் எந்தப் பூட்டுக்கும் சேராத அநாதைச் சாவிகள். பொய்ச் சாவிக் கொத்து என்று அதற்குப் பேர். அதிலிருந்து மூன்று நாலை விட்டுத் திருகிப் பார்ப்பார். அசையாமல் நின்றால், "நீ பூட்டு" என்று அதன் முதுகில் ஒரு தட்டு. கொஞ்சம் நெளிந்து கொடுத்தாலும் மூலையில் கிடக்கும் தகரப் பெட்டிக்குப் போய்விடும்.

"சொந்தக்காரனுக்குத் திறக்கறது என்ன பெரிய வித்தை? அடுத்தவனுக்குத் திறக்காம நிக்கணும். அதுதான் பூட்டு" என்பார், வாங்க வந்தவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

நல்ல பழக்கம்தான். ஆனால் நல்ல பழக்கத்தை எங்கே கழற்றி வைக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா? செருப்பு நல்லதுதான், அதற்காகப் படுக்கையிலுமா போட்டுக்கொள்வோம்?

அவரும் மனைவியும் குடியிருந்தது நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. கடை, தெருவைத் தாண்டினால் எதிர் வரிசையில். காலையில் இறங்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி, இருட்டினால் ஏறுவார். அவருடைய வலது முட்டியில் வலி இருந்தது கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடுவார். யாராவது எதிரே வந்தால், அங்கே இருக்கிற வீட்டுப் பூட்டைக் குனிந்து உற்றுப் பார்ப்பார், என்னவோ தொழில் நிமித்தமாக நிற்கிற மாதிரி. அந்த வீட்டுக்காரர்கள் பாவம், தங்கள் பூட்டில் ஏதோ கோளாறு என்று பயந்து இரண்டு தடவை மாற்றிவிட்டார்கள். இரண்டையும் அவரிடமேதான் வாங்கினார்கள்.

மனைவி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவர் எங்கே நிற்கிறார், ஏன் நிற்கிறார் எல்லாம் அவளுக்குத் தெரியும். சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் தெரியும். அதனால் அந்த வலியைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு வாங்குதுங்க. தரைத்தள வீடு காலியானா நாம போயிடலாம்."

மூச்சாவது வாங்குவதாவது! நாலு மாடியையும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறவள் அவள்.

தரைத்தளத்தில் பாட்டு வாத்தியார் ஒருவர் இருந்தார். மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் போவார், இரண்டு வருஷம் கழித்தும் போவார். முதல் மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா கறாரான பேர்வழி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. தரைத்தள வீட்டுக்கு முன்பணம் அதிகம். யார் முதலில் பணத்தோடு வருகிறார்களோ அவர்களுக்குத்தான் சாவி.

மனைவியின் பிறந்த வீட்டை விற்றதில் அவள் பங்கு கைக்கு வந்திருந்தது. முன்பணத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறையை வட்டி நிரப்ப வேண்டும். அதோடு, வாத்தியார் பெட்டி கட்டுகிற அன்றைக்கே பணம் கைக்கு வரவும் வேண்டும். குட்டி போடுகிற ஆடாகவும் இருக்க வேண்டும், கூப்பிட்டவுடன் ஓடி வருகிற ஆடாகவும் இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆட்டைத் தேடித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது ஆள் மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். நாள் முழுக்க வண்டிக்குள் "மெதுவா, மெதுவா" என்று கத்துகிறவனுக்கு, வண்டியை விட்டு இறங்கினால் எல்லாம் வேகமாக நடக்க வேண்டும்.

"அக்கா, பேசாம போன் பேங்க்ல போடு. வட்டி அள்ளித் தர்றான். கட்டடம் கிடையாது, வாடகை கிடையாது, அந்தக் காச நமக்குக் குடுக்கறான்."

பூட்டுக்காரர் நிமிர்ந்தார். "கட்டடம் இல்லையா? அப்ப கதவு?"

"கதவும் இல்ல அத்தான்."

"கதவு இல்லாத இடத்துலயா மச்சான் காச வைக்கச் சொல்ற?"

"உங்க பேங்க்ல மட்டும் உங்க காசு எங்க இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

"கதவப் பாத்திருக்கேன்ல!"

பார்த்திருக்கிறார்தான். அவர் பேங்கின் இரும்புக் கதவு ஒரு சாண் கனம். அதன் பூட்டுக்கு வருஷா வருஷம் எண்ணெய் விட்டு வருகிறவரே அவர்தான். அந்தக் கதவை நம்பித்தான் அவருடைய சேமிப்பு அங்கே தூங்கியது. நன்றாகவே தூங்கியது. வருஷக் கடைசியில் அவர்கள் போடுகிற வட்டி, அது வந்துவிட்டதா என்று பார்க்கப் போகிற பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும்.

தம்பி போனை அக்காவின் முன்னால் தள்ளினான். "இதப் பாரு. நூத்துக்கு ஏழு!"

மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கடையில் அவள் நாள் முழுக்கச் செய்கிற வேலை, மேலே பெரிசாகவும் கீழே போகப் போகப் பொடிசாகவும் எழுத்து இருக்கிற அட்டையை நீட்டி "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பதுதான். யாரிடம் போய் விளையாடுகிறார்கள்? விரலால் திரையைத் தள்ளித் தள்ளி நேராக அடிக்குப் போனாள்.

"முதல் மூணு மாசத்துக்குத்தான் ஏழு. அப்புறம் ரெண்டு."

"சரி, அடுத்தது. ஆறரை."

"எடுக்கணும்னா ஒரு மாசம் முன்னாடியே சொல்லணுமாம். வாத்தியார் ஒரு மாசம் முன்னாடி சொல்லிட்டா போவாரு?"

"நான் அதுலதான்க்கா போட்டிருக்கேன்! ஒரு தொந்தரவும் இல்ல."

"நீ இன்னும் எடுத்துப் பாக்கலையே."

"அப்ப இது? ஆறு."

"கணக்குல எப்பவும் இவ்வளவு இருக்கணுமாம். அவ்வளவு இருந்தா நான் தரைத்தள வீட்ட வாங்கியே போட்டுடுவேன்."

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டி, கடைசியில் ஒன்றில் நின்றாள். நூற்றுக்கு ஐந்து. குறைந்தது இவ்வளவு வைக்க வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை, மாசாமாசம் பிடித்தம் இல்லை, எடுக்கத் தடை இல்லை, பேங்க் கவிழ்ந்தாலும் அரசாங்கக் காப்பீடு உண்டு. பொடி எழுத்திலும் பெரிய எழுத்திலும் ஒரே சேதி. அதோடு விட்டாளா? உதவி எண்ணைக் கூப்பிட்டு, வெறும் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறார்களா, ஒரு மனுஷக் குரல் வருகிறதா என்று சோதித்தாள். வந்தது. "ஒண்ணுமில்லம்மா, இருக்கீங்களான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"போயும் போயும் அஞ்சா?" என்று தம்பி உதட்டைப் பிதுக்கினான். "விளம்பரம்கூட அழகா இல்ல."

"எனக்கு மாப்பிள்ள பாத்தப்ப நீங்கல்லாம் என்ன சொன்னீங்க? அழகப் பாக்காத, குணத்தப் பாருன்னுதானே? அந்தப் பழக்கம்."

தம்பி சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. பூட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "இதுல என்னை எதுக்கு இழுக்கற?" என்றார். ஆனால் கோபப்படவில்லை. குணம் என்றாளே, அது போதும்.

கணக்கு அவள் பேரில் தொடங்கியது. வழியில் தொலைந்தால் என்ன செய்வது என்று, கையோடு கொண்டுபோகிற போனில் அதை வைக்காமல் வீட்டிலிருந்த பழைய போனில் வைத்தாள். பூட்டுக்காரர் அந்தப் போனை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். கதவில்லாத பேங்குக்குத் தன்னால் ஆன ஒரு கதவு.

மாசங்கள் போயின. வட்டி சேர்ந்தது, அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் சேர்ந்தது. வாத்தியார் போகவில்லை. பூட்டுக்காரர் இரண்டாவது மாடிப் பூட்டை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் மனைவி பழைய போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க, முன்பணம் முழுசும் சேந்தாச்சு. இனிமே வாத்தியார் எப்ப வேணா கிளம்பட்டும்."

அவள் போய்விட்டாள். அவருக்குத்தான் வேலை ஓடவில்லை. பணம் குறையாக இருந்தவரை அவர் கவலைப்பட்டதே இல்லை. முழுசும் சேர்ந்த உடனே, கடையில் ஒரே பூட்டுக்கு மூன்று தடவை எண்ணெய் விட்டார். அத்தனையும் ஒரு கதவுகூட இல்லாத இடத்தில் கிடக்கிறதே! யாராவது தொட்டுத் தள்ளினால் திறந்துகொண்டால்? இத்தனை மாசமாக அந்தப் பூட்டை ஒருவரும் சோதித்துப் பார்க்கவே இல்லையே!

மத்தியானம் சாப்பிட ஏறி வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். கண்ணுகளா, இனிமேல் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

கடவுச்சொல் என்னவென்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் சோதனையே இல்லையே. முதல் பொய்ச் சாவியாகத் தன் பேரைப் போட்டார். உள்ளுக்குள் ஒரு நப்பாசை, திறந்துவிடும் என்று. திறக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவர் முகம் சின்னதாகிவிட்டது. இரண்டாவதாகக் கல்யாண நாள். அதுவும் இல்லை. மூன்றாவதாக மச்சான் பேர். அது மட்டும் திறந்திருந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கும். நல்லவேளை, இல்லை. நாலாவதாக ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக அடித்தார்.

திரை சிவந்தது. "பாதுகாப்புக் கருதி இந்தக் கணக்கு பூட்டப்பட்டுள்ளது" என்று எழுத்து வந்தது.

பூட்டுக்காரர் போனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "நீ பூட்டு" என்றார். மனசு நிறைந்து போய்க் கீழே இறங்கினார்.

கீழே தெருவில் பாட்டு வாத்தியாரின் கட்டில் நின்றது. பக்கத்தில் பெட்டிகள். வாசலில் வீட்டுக்காரம்மா.

"மகள் வண்டி அனுப்பிட்டா, கிளம்பறாரு" என்றார் அவர். "உங்க வீட்டம்மா கேட்டுவெச்சிருந்தாங்க. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள முன்பணம் வந்தா வீடு உங்களுக்கு. இல்லன்னா தையல் வகுப்புக்காரம்மா ஏழு மணிக்குப் பணத்தோட வர்றாங்க. என்ன, சரிதானே?"

"பணமா? பணத்துக்கு என்ன? இருக்கே!" என்றார் பூட்டுக்காரர். குரல் அவருக்கே கேட்கவில்லை.

இறங்கிய நாலு மாடியையும் திரும்ப ஏறினார். அன்றைக்கு இரண்டாவது மாடிப் பூட்டைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. முட்டி என்னென்னவோ சொல்லித் திட்டியது. வீட்டுக்குள் போனதும் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"வணக்கம் ஐயா, சொல்லுங்க."

"பூட்டிக்கிச்சும்மா."

"எதுங்க ஐயா?"

"உங்க பேங்குதான்."

"கணக்கு யார் பேர்ல இருக்கு?"

"வீட்டுக்காரி பேர்ல."

"அப்ப அவங்கதான் பேசணும் ஐயா."

"நான் அவ புருஷன்மா. ஊரறியக் கட்டினவன்."

"ரொம்பச் சந்தோஷம் ஐயா. ஆனா அவங்கதான் பேசணும்."

வைத்துவிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைக் கம்பியாக இழுத்து, மறுபடியும் கூப்பிட்டார். போதாத காலம், அதே பெண்.

"ஹலோ... நான் வீட்டுக்காரி பேசறேன்..."

அவள் மரியாதை குறையாமல் சொன்னாள். "அம்மா, உங்க குரல்ல மீசை தெரியுது."

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். பூட்டுக்காரர் பழைய போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி படி இறங்கி, கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

மனைவி ஒரு பெரியவர் முன்னால் அட்டையை நீட்டிக்கொண்டிருந்தாள். கணவர் வேலை நேரத்தில் கடைக்கு வந்ததே கிடையாது. அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் அட்டையைக் கீழே வைத்தாள்.

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. வாத்தியார் காலி பண்றாரு. ஆறு மணிக்குள்ள பணம் குடுக்கணும்."

"நல்ல சேதிதானே! இதுக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"பூட்டு எப்படின்னு பாத்தேன்..."

"எந்தப் பூட்டு?"

அவர் போனை எடுத்து நீட்டினார். அவள் திரையைப் படித்தாள். பொடி எழுத்து ஒன்றும் இல்லை, எல்லாம் பெரிய எழுத்துதான். திட்டுவாள் என்று பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றித் துடைத்தாள்.

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். பேங்குக்காரப் பெண் அவளிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னவோ சொன்னாள். பூட்டுக்காரர் காதை எவ்வளவோ நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை.

"திறந்தாச்சு அம்மா" என்றது குரல். "ஆனா பூட்டு விழுந்து திறந்த கணக்குலேருந்து நாளைக்குக் காலையிலதான் பணம் அனுப்ப முடியும். உங்க பாதுகாப்புக்காகத்தான்."

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். கைமாற்றாகக் கொடு, காலையில் தந்துவிடுகிறேன் என்றாள். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. "எடுக்கணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்க்கா..."

"என் பேங்குக்குப் போலாம் வா" என்றார் பூட்டுக்காரர். "பத்தாதுதான். இருந்தாலும் பாதியாவது குடுத்தா அந்தம்மா மனசு இரங்கலாம்."

போனார்கள். கவுன்டர் மூடிவிட்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே அவர் எண்ணெய் விட்டு வளர்த்த இரும்புக் கதவு, சாண் கனம், ஒரு மயிரிழைகூட விலகாமல் சாத்தியிருந்தது.

"நல்ல கதவு" என்றாள் மனைவி.

அவ்வளவுதான் சொன்னாள். அது அவர் முட்டியைவிட அதிகமாக வலித்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு பேரும் முதல் மாடியில் வீட்டுக்காரம்மாவின் முன்னால் நின்றார்கள்.

"பணம்?"

"பணம் இருக்குங்க" என்றாள் மனைவி. "காலையில முதல் வேலையா அனுப்பிடறேன். இன்னைக்கு ஒரு சின்னத் தடங்கல்..."

"எல்லாரும் சொல்றதுதான். என்ன தடங்கல்?"

மனைவி வாயைத் திறந்தாள், மூடினாள். பூட்டுக்காரருக்குப் புரிந்தது. தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய்யைத் தேடுகிறாள். முட்டிக்கு மூச்சு என்று பேர் வைத்தவள், இதற்கும் ஒரு பேர் வைத்துவிடுவாள். ஆனால் இந்தம்மாவிடம் பொய் நிற்காது. பொய்ச் சாவி போட்டுத் திறக்கிற பூட்டா இது?

"அவளக் கேக்காதீங்க. நான் சொல்றேன்" என்றார்.

சொன்னார். கதவில்லாத பேங்க், நாலு பொய்ச் சாவி, முதலாவதாகத் தன் பேரைப் போட்டது, போனின் முதுகில் தட்டி மெச்சியது, எதையும் விடவில்லை. தெருவுக்கே பூட்டுப் போடுகிறவர் வீட்டுப் பணத்தைத் தானே பூட்டி வைத்துவிட்டார் என்று வெளியே தெரிந்தால் கடைப் பக்கம் யார் வருவார்கள்? தெரிந்தும் சொன்னார். குரலைக் கம்பியாக இழுத்ததையும் சொன்னார்.

"அதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு?"

"என் குரல்ல... மீசை தெரியுதாம்."

வீட்டுக்காரம்மாவின் வாயோரம் ஏதோ துடித்தது. மூக்கு விரிந்தது. பிறகு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! எத்தனை வருஷத்துச் சிரிப்போ, அணை உடைந்த மாதிரி வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நாற்காலியில் விழுந்து சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அவர் மீசையைப் பார்த்துச் சிரித்தார். மேல்வீட்டில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சரி, இவ்வளவு அவமானப்பட்டுக்கிட்டு அந்த வீடு எதுக்கு?" என்று மூச்சு வாங்கக் கேட்டார். "உங்க வீட்டம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னா?"

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் வாங்கல. எனக்குத்தான் முட்டி வலிக்குது" என்றார்.

"அது தெரியும். ரெண்டாவது மாடிக்காரங்க வந்து, பூட்டு மாத்தின செலவ வாடகையில கழிச்சுக்கச் சொல்றாங்க. ஏன் பூட்டு மாத்தினீங்கன்னு கேட்டேன். பூட்டுக்காரர் தினமும் நின்னு தலைய ஆட்டறாரேங்கறாங்க." மறுபடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பொறுக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. என் தங்கச்சிக்கு இப்ப போன் போடறேன். அந்தக் குரல்ல நீங்க ஒரு வார்த்தை பேசணும்."

பேசினார். வேறு என்ன செய்வார்?

காலையில் பணம் போய்ச் சேர்ந்தது. மச்சான்தான் சாமான்களை இறக்க வந்தான். ஒவ்வொரு மூட்டையோடும் கம்பிக் குரலில் "ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். பூட்டுக்காரர் பொறுத்துக்கொண்டார். அவனைத் திருப்பிக் கேலி செய்ய, அந்த 'ஒரு மாசம் முன்னாடி' அவர் கையில் பாக்கி இருந்தது.

தரைத்தள வீட்டு வாசலில் வீட்டுக்காரம்மா கொடுத்த சாவியை மனைவி அவர் கையில் வைத்தாள். அவர் கை தன்னால், கடையிலிருந்து கொண்டுவந்து இடுப்புப் பையில் வைத்திருந்த பொய்ச் சாவிக் கொத்துக்குப் போனது. பாதியில் நின்றது. மனைவி புருவத்தை உயர்த்தினாள். அவர் கொத்தை விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொந்தச் சாவியை முதலில் போட்டுத் திறந்தார்.

"அது சரி" என்றார், உள்ளே கால் வைத்தபடி. "கடவுச்சொல் என் பேரு இல்ல, கல்யாண நாள் இல்ல. அப்ப என்னதான் வெச்சிருக்க?"

"யார்கிட்ட வேணா சொல்லுவேன், பூட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள் மனைவி.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவள் முதுகில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.